சத்தம் கூடாமல் சைலன்சர் மாற்ற முடியுமா?

விடியற்பயணி எழுதியது:

என்னிடம் இருப்பது ஒற்றை சிலிண்டர், 400 சிசி வண்டி. ஆறு வருடமாக ஓடுகிறது. சைலன்சரின் அடிவயிற்றைத் துரு தின்று, சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்துவிட்டது. வெல்டிங் வைத்துப் பார்த்தாயிற்று. மூன்றே மாதத்தில் பக்கத்திலேயே இன்னொன்று. எப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்று கழற்றித் தூக்கியபோதுதான் அதன் கனம் தெரிந்தது. தராசில் 4.9 கிலோ. இதைவிட எடை குறைந்ததாக, முடிந்தால் குரலும் சற்றுக் கனமானதாக ஒன்று போட்டால் என்ன என்ற ஆசை வந்துவிட்டது.

சிக்கல் என்னவென்றால், நான் வேலைக்குக் கிளம்புவது காலை நாலரை மணிக்கு. வாசலை ஒட்டிய அறையில் அப்பா படுத்திருப்பார்; இலை அசைந்தாலும் விழித்துக்கொள்கிறவர். எதிர்வீட்டில் கைக்குழந்தை. கடைக்காரர்களின் காணொளிகளைப் பார்த்தால் எல்லோரும் சத்தத்தைத்தான் பெருமையாகக் காட்டுகிறார்கள். எனக்கு வேண்டியது நேர் எதிர். யாராவது இப்படி ஒன்றைச் செய்து பார்த்திருக்கிறீர்களா?

தனிவழி எழுதியது:

சத்தம் வேண்டாம் என்றால் பழைய சைலன்சரையே புதிதாக வாங்கிப் போட்டுவிட்டுப் போகலாமே! 400 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டியை வைத்துக்கொண்டு பூனை போல் நடக்க ஆசைப்படுவது எதற்கு? சத்தம் இருந்தால்தான் பக்கத்தில் வரும் லாரி ஓட்டுநர் நம்மைக் கவனிப்பார். நேர்குழாய் போட்டுப் பாருங்கள், வண்டி மூச்சு விடுவது உங்களுக்கே தெரியும்.

கரிக்கை எழுதியது:

தம்பி, மேலே சொன்னதைக் காதில் வாங்காதீர்கள். முப்பது வருடமாக என்ஜின் பிரிக்கிறேன். "மூச்சு விடுகிறது" என்று சொன்ன பாதிப் பேரின் வண்டி முன்பு போன வேகத்துக்கும் குறைவாகத்தான் போயிற்று. சத்தம் கூடினால் வேகமும் கூடியது போலத் தோன்றும். காது செய்யும் ஏமாற்று வேலை அது.

முதலில் மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள். வண்டிக்குப் பெட்ரோல் ஊட்டுவது கார்புரேட்டரா, ஃப்யூவல் இன்ஜெக்‌ஷனா? புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் எங்கே இருக்கிறது: என்ஜினிலிருந்து சைலன்சருக்கு வரும் பெண்ட் பைப்பிலா, சைலன்சருக்கு உள்ளேயா? புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் சென்சார் எந்த இடத்தில் திருகியிருக்கிறது? இது தெரியாமல் எதையும் வாங்காதீர்கள்.

விடியற்பயணி எழுதியது:

நன்றி அண்ணா. இன்ஜெக்‌ஷன் வண்டிதான். பெண்ட் பைப் என்ஜினுக்கு அடியில் வளைந்து வரும் இடத்தில் ஒரு பெரிய புடைப்பு இருக்கிறது. கன்வெர்ட்டர் அதுதான் என்று கையேடு சொல்கிறது. சென்சார் அதற்கு முன்னால், சிலிண்டரிலிருந்து ஒரு சாண் தூரத்தில்.

கரிக்கை எழுதியது:

அப்படியானால் உங்களுக்கு நல்ல காலம். கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருப்பதை மட்டும் மாற்றுங்கள், பெண்ட் பைப்பில் கை வைக்காதீர்கள். சென்சாருக்கு முன்னால் எதுவும் மாறவில்லை என்றால், சாதாரண வேகத்தில் பெட்ரோல் அளவை வண்டியே சரிசெய்துகொள்ளும். ஆக்சிலேட்டரை முழுதாக முறுக்கும்போது மட்டும் கம்ப்யூட்டர் சென்சாரைக் கேட்காது, தன்னிடம் எழுதிவைத்த கணக்கின்படி போகும். பின்பகுதியை மட்டும் மாற்றும்போது பொதுவாக அந்தக் கணக்கு தொந்தரவு கொடுப்பதில்லை.

கன்வெர்ட்டரை வெட்டி எறியச் சொல்லும் ஆட்கள் வருவார்கள். புகைச் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அதற்குள் இருக்கும் தேன்கூட்டு ஓட்டைகள் வழியாகப் போகும்போதே வெடிச்சத்தத்தின் கூர்மை ஓரளவு மழுங்கிவிடுகிறது. அதை எடுத்துவிட்டு அமைதியான சைலன்சரைத் தேடுவது கதவைக் கழற்றிவிட்டுப் பூட்டு வாங்கப் போவதற்குச் சமம்.

அரைக்குடம் எழுதியது:

இடையில் ஒரு சந்தேகம். என்ஜினுக்குப் பின்னழுத்தம் (வெளியேறும் புகையை எதிர்த்து நிற்கும் அழுத்தம்) வேண்டும், அது குறைந்தால் இழுவை போய்விடும் என்கிறார்களே. அப்படியென்றால் தடை குறைந்த சைலன்சர் போட்டால் நட்டம்தானே?

அலைநீளம் எழுதியது:

பின்னழுத்தத்தை எந்த என்ஜினும் விரும்பாது. புகையை வெளியே தள்ளும்போது பிஸ்டன் செய்யும் வீண்வேலை அது. ஆனால் அந்த நம்பிக்கை பிறந்ததற்குக் காரணம் உண்டு. வால்வு திறந்ததும் குழாயில் ஓர் அழுத்த அலை ஓடுகிறது. குழாய் திடீரென்று அகலமாகும் இடத்தில் மோதி, உறிஞ்சும் அலையாகத் தலைகீழாகித் திரும்பி வருகிறது. உள்வால்வும் வெளிவால்வும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தக் கணநேரத்தில் அது வந்து சேர்ந்தால், மிச்சப் புகையை இழுத்துவிட்டுப் புதுக் கலவைக்கு இடம் செய்து கொடுக்கும். எந்த ஆர்பிஎம்மில் (என்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) இது பொருந்தும் என்பதைக் குழாயின் நீளமும் குறுக்களவும் முடிவு செய்கின்றன. தேவைக்கு மேல் அகலமான குழாயைப் போட்டால் புகையின் வேகம் தணிந்து, இந்த ஒத்திசைவு கலைந்து, கீழ் ஆர்பிஎம்மில் இழுவை போய்விடும். பார்க்கிறவர்கள் "பின்னழுத்தம் போச்சு" என்கிறார்கள்.

சத்தத்துக்கு வருகிறேன். சைலன்சர்களில் இரண்டு இனம். வண்டியோடு வருவது பெரும்பாலும் அறைகள் கொண்டது: உள்ளே இரண்டு மூன்று தடுப்புகள், அவற்றைக் குறுக்கே துளைக்கும் குழாய்கள். புகை முன்னறையிலிருந்து பின்னறைக்குப் போய், மீண்டும் நடுவறைக்குத் திரும்பி, பிறகுதான் வெளியேறும். அலைகள் ஒன்றோடொன்று மோதி அழிந்துகொள்கின்றன. கடையில் விற்பது பெரும்பாலும் இன்னொரு இனம்: நடுவில் சல்லடை போல் ஓட்டையிட்ட நேர்குழாய், அதைச் சுற்றி கிளாஸ் உல் என்ற கண்ணாடி இழைப் பஞ்சு, மேலே ஓர் உறை. பஞ்சு ஒலியை உறிஞ்சுகிறது. எடையும் குறைவு, தடையும் குறைவு. ஆனால் பஞ்சுக்குக் கூர்மையான ஒலியைத்தான் விழுங்கத் தெரியும். தடித்த, தாழ்ந்த சுருதி ஒலியை அது ஒன்றும் செய்யாது.

ஒரு சின்னக் கணக்கு. நான்கு வீச்சு ஒற்றை சிலிண்டர் 4000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 2000 முறை வெடிக்கிறது. வினாடிக்கு 33 முறை, அதாவது 33 ஹெர்ட்ஸ். புகை 350 டிகிரி செல்சியஸில் இருந்தால் அதில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 500 மீட்டர். அப்படியானால் அந்த அலையின் நீளம் 15 மீட்டர்! இரண்டு விரல் கனமுள்ள பஞ்சுக்கு அது இருப்பதே தெரியாது. தடித்த ஒலியை அடக்குவது கொள்ளளவு ஒன்றுதான். உறை பெரிதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அறைகள் வேண்டும். குட்டையான சைலன்சர் அழகாக இருக்கும், அமைதியாக இருக்காது.

தனிவழி எழுதியது:

படித்தவர்கள் சொன்னால் சரிதான். ஆனாலும் சத்தம் உயிரைக் காக்கும் என்பதை நான் விடமாட்டேன்.

நீலி எழுதியது:

தனிவழி, உங்கள் சைலன்சர் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது? பின்னால். ஆபத்து பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது? முன்னாலிருந்தும் பக்கத்துச் சாலையிலிருந்தும். எதிரே வந்து திரும்புகிற காருக்கு, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாட்டு கேட்கிறவருக்கு, உங்கள் சத்தம் போய்ச்சேரும்போது நீங்களும் போய்ச்சேர்ந்திருப்பீர்கள். நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சலே 90 டெசிபலுக்கு மேல். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய குரலை நீங்களே அனுபவிக்க முடியாது. அனுபவிப்பது பின்னால் வருகிறவர்.

விடியற்பயணி, வாங்குவதற்கு முன்பே அளந்துவைத்துக்கொள்ளுங்கள். சத்தம் அளக்கும் கைபேசிச் செயலி போதும். அது காட்டும் எண்ணை வேதவாக்காக எடுக்காதீர்கள். முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் பாருங்கள். நின்ற நிலையில் சத்தம் அளக்க ஐஎஸ்ஓ 5130 என்று ஒரு முறை இருக்கிறது: சைலன்சர் வாயிலிருந்து அரை மீட்டர் தூரம், அது பார்க்கும் திசைக்கு 45 டிகிரி கோணம், சைலன்சர் வாயின் உயரத்தில் மைக். என்ஜினின் உச்சத்திறன் 5000 ஆர்பிஎம்முக்கு மேல் கிடைக்கிறது என்றால் அதில் பாதி ஆர்பிஎம்மில் பிடித்து அளக்க வேண்டும். சுவர் ஒட்டாத திறந்தவெளியில் நின்று செய்யுங்கள். பழைய சைலன்சரின் ஓட்டையை முதலில் அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஓட்டையின் சத்தத்தையும் சேர்த்து அளந்துவிட்டு மகிழ்ச்சியடைவீர்கள்.

சைலன்சரின் உடலில் "ஈ" என்ற எழுத்தின் ஆங்கில வடிவமும் ஓர் எண்ணும் வட்டத்துக்குள் பொறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். மாற்று சைலன்சர்களுக்கான ஐ.நா. ஒழுங்குமுறை 92-இன்படி சோதித்தவற்றில் அது இருக்கும். வண்டிகளின் சத்தத்துக்கான ஒழுங்குமுறை 41, எடைக்கும் திறனுக்கும் உள்ள விகிதத்தை வைத்து 73, 74, 77 டெசிபல் என்று மூன்று வரம்புகள் வைத்திருக்கிறது. ஓடும் வண்டியை 7.5 மீட்டர் தள்ளி நின்று அளப்பது அது. உங்கள் அரை மீட்டர் எண்ணோடு ஒப்பிட்டுக் குழம்பாதீர்கள்.

விடியற்பயணி எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், கொஞ்சம் வெட்கத்தோடு.

அலைநீளம் சொன்னதைப் படித்தேன், தலையாட்டினேன், பிறகு கண்ணுக்கு அழகாக இருந்ததையே வாங்கினேன். உருளை வடிவம், 10 சென்டிமீட்டர் குறுக்களவு, 25 சென்டிமீட்டர் நீளம், 1.7 கிலோதான். வாயைக் குறுக்கிச் சத்தத்தைத் தடுக்க, அதில் திருகி மாட்டும் பேஃபிள் ஒன்றும் கூடவே வந்தது. "இதைப் போட்டால் கம்பெனி சைலன்சரைப் போலவே இருக்கும்" என்றார் விற்றவர். என் வண்டியின் உச்சத்திறன் 7000 ஆர்பிஎம்மில் என்பதால் 3500-இல் அளந்தேன். பழையது 84 டெசிபல். புதியது பேஃபிள் இல்லாமல் 95. பேஃபிளோடு 86. இரண்டே டெசிபல்தானே, வென்றுவிட்டோம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை நாலரைக்கு ஸ்டார்ட் செய்தேன். பத்து வினாடி ஆகியிருக்காது. அப்பாவின் அறை ஜன்னல் கண்ணாடி சட்டத்துக்குள் தடதடவென்று ஆடியது. அப்பா கதவைத் திறந்து நின்றார். ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடியின் மேல் கையை வைத்து ஆட்டத்தை நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது.

சாலையிலும் 4000 ஆர்பிஎம்மைத் தொட்டால் தலைக்குள் ஒரு ரீங்காரம். அரை மணி நேரத்தில் தலைவலி. இரண்டு டெசிபல் எப்படி இதைச் செய்யும்?

அலைநீளம் எழுதியது:

செயலி பொய் சொல்லவில்லை. அது மனிதக் காதைப் போலக் கேட்கிறது, அதுதான் விஷயம். எண்ணுக்குப் பக்கத்தில் "ஏ" அளவீடு என்று போட்டிருக்கும். காது தடித்த ஒலியை மங்கலாகத்தான் கேட்கும் என்பதால், அந்த அளவீடு 1000 ஹெர்ட்ஸை அப்படியே எடுத்துக்கொண்டு, 100 ஹெர்ட்ஸில் 19 டெசிபலையும் 50 ஹெர்ட்ஸில் 30 டெசிபலையும் கழித்துவிடும். 31.5 ஹெர்ட்ஸில் கழிவது 39 டெசிபல். உங்கள் பேஃபிள் கூர்மையான ஒலியை வெட்டியது. அளவுகோல் கவனிக்கிற ஒலி அதுதான், எண் இறங்கியது. தடித்த ஒலி அப்படியே ஜன்னலுக்குப் போனது. கண்ணாடிக்குக் காது கிடையாது, அது எதையும் கழிக்காது.

குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்ததும் ஐடிலிங் (ஆக்சிலேட்டரைத் தொடாமலே ஓடும் வேகம்) 1800 ஆர்பிஎம் வாக்கில் இருக்கும். வினாடிக்கு 15 வெடிப்பு. அதன் மடங்குகள் 30, 45, 60 ஹெர்ட்ஸ். ஜன்னல் சட்டமும் கதவும் துள்ளுவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

செயலியில் "சி" அளவீடு என்று ஒன்று இருக்கும். அது 31.5 ஹெர்ட்ஸில் மூன்று டெசிபல்தான் கழிக்கும். கைபேசியின் மைக் கீழ் ஒலியில் மோசம் என்றாலும், ஒரே கைபேசியில் ஒப்பிட்டால் போக்கு தெரியும். பழையதையும் புதியதையும் மாற்றி மாட்டி அதில் அளந்து பாருங்கள்.

இன்னொரு கணக்கும் போடுங்கள். நீங்கள் வாங்கியதன் கொள்ளளவு, உறையை மட்டும் பார்த்தால், இரண்டு லிட்டருக்கும் குறைவு. பழையது எவ்வளவு?

விடியற்பயணி எழுதியது:

பழையது 14 சென்டிமீட்டர் குறுக்களவு, 40 நீளம். ஆறு லிட்டருக்கு மேல் வருகிறது. மூன்றில் ஒரு பங்கை வாங்கிவிட்டு அதே அமைதியை எதிர்பார்த்திருக்கிறேன்.

"சி" அளவீட்டில் பழையது 92, புதியது பேஃபிளோடு 101. ஒன்பது டெசிபல்! கண்ணாடி சொன்னதுதான் சரி.

அரைக்குடம் எழுதியது:

பேஃபிளின் ஓட்டையை இன்னும் சிறிதாக்கினால்?

கரிக்கை எழுதியது:

செய்யலாம். மேல் ஆர்பிஎம்மில் மூச்சு முட்டும், விசில் மாதிரி ஓர் ஓசை கூடுதலாக வரும், வெளிவால்வுப் பக்கம் சூடு ஏறும். ஒரு வாடிக்கையாளர் பேஃபிளுக்குள் பாத்திரம் தேய்க்கும் கம்பிநாரைத் திணித்துக்கொண்டு வந்தார். இரண்டே நாளில் அது சிவக்கக் காய்ந்து, துண்டு துண்டாகப் பின்னால் வந்தவர் மேல் தெறித்தது. வேண்டாம் ஐயா.

விடியற்பயணி தம்பி, சைலன்சர் எதுவானாலும் ஒன்று செய்யுங்கள். நாலரை மணிக்கு வாசலில் ஸ்டார்ட் செய்யாதீர்கள். தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போங்கள். ஸ்டார்ட் செய்ததும் நின்று சூடேற்ற வேண்டாம். இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு அது தேவையில்லை. அரை நிமிடத்தில் கிளம்பி முதல் சில நிமிடங்கள் மெதுவாக ஓட்டினால் போதும்.

நீலி எழுதியது:

என் வண்டியில் நான் போட்டது நீள்வட்ட உறை. முன்பாதியில் ஒரு வெற்று அறை, பின்பாதியில் பஞ்சு. தடித்ததை அறை பார்த்துக்கொள்கிறது, கூர்மையானதைப் பஞ்சு பார்த்துக்கொள்கிறது. கடைப் படத்தில் பார்த்தால் சாதுவாக, ஏதோ பால்கேனைப் படுக்கவைத்தது போல இருக்கும், அதனால் யாரும் வாங்குவதில்லை. அப்படி ஒன்றைத் தேடுங்கள்.

பஞ்சு நிரந்தரம் கிடையாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சூட்டில் பொடிந்து, சல்லடை ஓட்டைகள் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பறந்துவிடும். சத்தம் மெல்ல ஏறுவதால் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. நான் வருடத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் அளக்கிறேன். மூன்று டெசிபல் ஏறியதும் பிரித்துவிடுவேன். ரிவெட் தலைகளை டிரில்லால் எடுத்து மூடியைத் திறந்தால் உள்ளே கரிபிடித்த பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்கி, நடுக்குழாய் அம்மணமாக நிற்கும். புதிய பஞ்சைக் குழாயைச் சுற்றி ஒரே சீராகப் பாய் போலச் சுருட்டி, நூலால் கட்டி உள்ளே தள்ளுங்கள். அழுத்தித் திணிக்காதீர்கள்; பஞ்சின் இழைகளுக்கிடையே காற்று இருந்தால்தான் அது ஒலியைக் குடிக்கும். கையுறையும் முகமூடியும் கட்டாயம். முதல்முறை நான் வெறுங்கையால் செய்துவிட்டு இரண்டு நாள் சொறிந்துகொண்டிருந்தேன். உறை ரிவெட்டுக்குப் பதில் வெல்டிங் செய்ததாக இருந்தால் வாங்கவே வேண்டாம்.

தனிவழி எழுதியது:

என் சைலன்சரை வாங்கி மூன்று வருடம். இன்றுவரை பஞ்சு மாற்ற வேண்டும் என்றே தெரியாது. பழகப் பழகக் குரல் முதிர்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீலி எழுதியது:

முதிரவில்லை, மொட்டையாகியிருக்கிறது.

விடியற்பயணி எழுதியது:

குட்டையானதை நட்டத்துக்கு விற்றுவிட்டு, நீலி சொன்ன இனத்திலேயே ஒன்று வாங்கினேன். நீள்வட்டம், 15-க்கு 11 சென்டிமீட்டர், நீளம் 45. கிட்டத்தட்ட 5.8 லிட்டர். எடை 3.1 கிலோ. குட்டையானதைப் போலக் காற்றாக இல்லை, ஆனாலும் பழையதைவிட 1.8 கிலோ குறைவு. வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுக்கும்போதே தெரிகிறது.

மாட்டிய கதையையும் சொல்ல வேண்டும். இணைப்புக் கிளாம்பின் போல்ட் துருப்பிடித்து இறுகியிருந்தது. முந்தைய இரவே துரு இளக்கும் எண்ணெயை விட்டுவைத்து, காலையில் கொஞ்சம் வெதுவெதுப்பாக்கித் திருகியதால் உடையாமல் வந்தது. அவசரப்பட்டிருந்தால் தலை போயிருக்கும். மாட்டி ஓட்டியதும் ஆக்சிலேட்டரை விடும்போதெல்லாம் பட் பட் என்று வெடித்தது. பெட்ரோல் கணக்கு கெட்டுவிட்டதோ என்று பயந்துபோனேன்.

கரிக்கை எழுதியது:

இணைப்பை அடைக்கும் பழைய கேஸ்கட் வளையத்தையே திரும்பப் போட்டீர்களா?

விடியற்பயணி எழுதியது:

ஆமாம் அண்ணா.

கரிக்கை எழுதியது:

அதுதான். ஒருமுறை நசுங்கிய வளையம் மறுமுறை அடைக்காது. ஆக்சிலேட்டரை விட்டதும் குழாயில் ஒரு கணம் உறிஞ்சல் வரும். அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே போய், எரியாமல் வந்த பெட்ரோலோடு சேர்ந்து குழாய்க்குள்ளேயே வெடிக்கிறது. புது வளையம் போடுங்கள். கிளாம்பை முதலிலேயே முறுக்கிவிடாதீர்கள். எல்லாவற்றையும் தளர்வாக மாட்டி, சைலன்சர் தானாக எங்கே உட்காருகிறதோ அங்கே தாங்கு போல்ட்டை நேராக்கி, பிறகு முன்னிருந்து பின்னாக இறுக்குங்கள். இழுத்துப் பிடித்து மாட்டினால் அதிர்வில் தாங்கு கம்பி விரிசல் விடும். ஸ்டார்ட் செய்யும் முன் உறையில் பட்ட கைரேகையைத் துடைத்துவிடுங்கள். சூட்டில் அது அப்படியே பொரிந்து தங்கிவிடும், யார் மாட்டினார்கள் என்று ஆயுளுக்கும் சாட்சி சொல்லும்.

விடியற்பயணி எழுதியது:

புது வளையம் போட்டதும் வெடிப்பு நின்றுவிட்டது. கைரேகையைப் பற்றி நீங்கள் சொல்வதற்குள் தாமதம். வலது பக்கத்தில் என் கட்டைவிரல் பழுப்பாகப் பதிந்துவிட்டது.

அளவுகள்: "ஏ"-யில் 85, "சி"-யில் 94. குரல் பழையதைவிட ஒரு பிடி கனம், ரீங்காரம் இல்லை. இழுவையில் மாற்றம் இருக்கிறதா என்றால், நேர்மையாகச் சொல்கிறேன், எனக்குத் தெரியவில்லை.

தெருமுனை வரை தள்ளிக்கொண்டுதான் போகிறேன். நேற்று மழை, தள்ளச் சோம்பல்பட்டு வாசலிலேயே ஸ்டார்ட் செய்துவிட்டேன். கண்ணாடி ஆடவில்லை. மாலையில் அப்பா கேட்டார், "இன்று வேலைக்குப் போகவில்லையா?"

நீலி எழுதியது:

பழைய சைலன்சரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வண்டியை விற்கும்போதோ சோதனைக்கு அழைத்தாலோ தேவைப்படும்.

விடியற்பயணி எழுதியது:

ஓட்டையை மீண்டும் வெல்டிங் வைத்து, எண்ணெய் தடவி, எலி குடிபுகாமல் இரண்டு வாயிலும் துணி அடைத்துப் பரணில் ஏற்றிவிட்டேன். தூக்கிக்கொடுத்தது அப்பாதான். "இவ்வளவு கனமா?" என்றார்.